அமெரிக்கக் குடிவரவு மனு: கணவன் மனைவிக்கான ஆவணங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவர்கள், இந்தியாவில் இருக்கும் தம் மனைவியை அல்லது கணவரை அழைத்துக்கொள்வதற்காகத் தாக்கல் செய்யும் மனுவைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். இத்தகைய மனுக்களுக்கான தாள்களைத் தொகுத்தும் மொழிபெயர்த்தும் பழகியவன். ஆகவே, சட்டச் சிக்கல் உள்ள இடங்களில் குடிவரவு வழக்கறிஞரை அணுகுங்கள் என்றே சொல்வேன். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் 'இன்னும் என்னென்ன வைக்கலாம்' என்று கேட்கின்றன. வைத்திருக்கும் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கேட்டவர் ஒருவர்தான். அவருடைய கடிதம் இரண்டாவதாக வருகிறது.

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன். சென்ற தை மாதம் தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் எனக்குத் திருமணம் நடந்தது. கோயில் அலுவலகம் கொடுத்த ரசீதும் அழைப்பிதழும் கைவசம் உள்ளன. மனு அனுப்ப இவை போதுமா? வேறு என்னென்ன வேண்டும்?

பதில்: போதாது. இந்துத் திருமணச் சட்டத்தின்படி, உரிய சடங்குகளோடு நடந்த திருமணம் பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லும். தமிழ்நாட்டில் 1967-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். ஆனால் திருமணம் செல்லுபடியாவது ஒன்று, அதை அயல்நாட்டு அதிகாரி ஒருவருக்கு மெய்ப்பிப்பது வேறொன்று. அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் துறை எதிர்பார்ப்பது அரசின் பதிவு அலுவலகம் வழங்கிய திருமணச் சான்றிதழை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, எம்மதத்தவர் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று கூறுகிறது. நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் சாட்சிகளோடு சென்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். இப்போது அடுத்த பயணத்தில் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் எறிந்துவிட வேண்டாம், பதிவு அலுவலகத்தில் அவைதான் கேட்கப்படும். பதிவுச் சான்றில் திருமணம் நடந்த நாளும் பதிவு செய்த நாளும் தனித்தனியாக இருக்கும். படிவத்தில் எழுத வேண்டியது திருமணம் நடந்த நாள். இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிட்டு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றைப் பொறுத்தவரை, மனுவின் படிவம் ஐ-130. மனைவிக்காகவோ கணவருக்காகவோ தாக்கல் செய்யும்போது ஐ-130ஏ என்ற துணைப் படிவமும் சேர வேண்டும். அதில் உங்கள் மனைவியின் கடந்த ஐந்தாண்டு முகவரிகளும் வேலை விவரங்களும் கேட்கப்படும். அவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் அதில் கையொப்பமிட வேண்டியதில்லை என்றாலும் படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். உங்கள் குடியுரிமைக்குச் சான்றாக, காலாவதியாகாத அமெரிக்க பாஸ்போர்ட்டின் நகலோ குடியுரிமைச் சான்றிதழின் நகலோ அமெரிக்காவில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழின் நகலோ போதும். இருவருக்கும் இரண்டங்குலச் சதுர வண்ணப் புகைப்படங்கள் வேண்டும், அவை தாக்கலுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். திருமண ஆல்பத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டுவது கூடாது. முந்தைய திருமணம் எவருக்கேனும் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான சான்றும், பெயர் மாறியிருந்தால் அதற்கான சான்றும், இத்திருமணம் உண்மையான இல்லறத்துக்காகவே நடந்தது என்பதைக் காட்டும் ஆதாரங்களும் எஞ்சியவை. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலில் இணையவழித் தாக்கலுக்கு 625 டாலரும், தாளில் அனுப்பினால் 675 டாலரும் விதிக்கப்பட்டன. கட்டணம் மாறக்கூடியது என்பதால், பணம் கட்டும் நாளன்று துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வருமான வரி ஆவணங்கள், மனைவியின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் ஆதரவு உறுதிமொழிக்கான ஐ-864 படிவம், மனைவியின் காவல்துறைச் சான்றிதழ் ஆகியவற்றையும் இப்போதே திரட்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவை மனு ஏற்கப்பட்ட பிறகு, விசாவுக்கான ஆவணங்களைத் திரட்டும் தேசிய விசா மையத்துக்குச் செல்ல வேண்டியவை. அங்கே 325 டாலர், 120 டாலர் என்று வேறு இரு கட்டணங்களும் உண்டு. பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் காவல்துறைச் சான்றிதழை இன்றே வாங்கி வைத்தால், நேர்காணல் வருவதற்குள் அது பழையதாகிவிடலாம்.

கேள்வி: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து இல்லை, பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது, திருமணத்துக்குப் பிறகு எடுத்த குடும்ப அட்டையில் என் பெயரின் தலைப்பெழுத்து வந்துவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரண்டு விதமாக உள்ளது. இவற்றை அப்படியே அனுப்பலாமா?

பதில்: நான் மேலே சொன்ன அந்த ஒருவர் நீங்கள்தான். தமிழர் மனுக்களில் மிகுதியான காலத்தை விழுங்குவது பணமோ பயணமோ அன்று, பெயர். நம்பிராஜன் மகள் வள்ளி, பள்ளியில் ந. வள்ளியாக இருந்து, முருகனை மணந்தபின் மு. வள்ளி ஆகிறாள்; நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. ஆனால் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்களாகவே மனிதரைப் பார்த்துப் பழகிய ஓர் அலுவலர், வள்ளி நம்பிராஜன், வள்ளி முருகன், வெறும் வள்ளி ஆகிய மூவரும் ஒருவரே என்று தானாகவே முடிவு செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அவர் உங்களையோ உங்கள் மனைவியையோ பார்த்ததில்லை, அவர் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே.

ஆகையால் முதலில் ஓர் அடிப்படை ஆவணத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அது பாஸ்போர்ட்டாகத்தான் இருக்க முடியும், ஏனெனில் விசா அதில்தான் ஒட்டப்படும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விசா வழங்கும்போது, உள்ள பெயர் முழுவதையும் குடும்பப் பெயரின் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று எழுதுவது அமெரிக்கத் தூதரகங்களின் வழக்கம். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அச்சுருக்கம் கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று தொடர்ந்து வந்து, வங்கியிலும் மருத்துவமனையிலும் உங்கள் மனைவியை 'எஃப்.என்.யு.' என்றே கூப்பிட வைக்கும். எனவே மனுவை இன்னும் அனுப்பவில்லையென்றால், பாஸ்போர்ட்டைப் பெயர்ப் பிரிப்போடு மறுவெளியீடு செய்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன். குடும்பப் பெயராகத் தந்தை பெயரை வைப்பதா கணவர் பெயரை வைப்பதா என்பது உங்கள் இருவரின் விருப்பம். என் கருத்தைக் கேட்டால், பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் அனைத்தும் தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு இருக்கும் நிலையில் அத்தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரையே வைப்பது குறைந்த தொல்லை தரும் என்பேன். கணவர் பெயரை ஏற்றே தீர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் வற்புறுத்தவில்லை.

பாஸ்போர்ட் முடிவான பிறகு, படிவத்தில் பெயர் அதன்படியே எழுதப்பட வேண்டும். மற்றெல்லா வடிவங்களும், தலைப்பெழுத்தோடு, தலைப்பெழுத்தில்லாமல், வேறு எழுத்துக்கூட்டலோடு என ஒன்று விடாமல், 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்ற இடத்தில் வர வேண்டும். அந்த இடம் புனைபெயருக்கும் பட்டப்பெயருக்கும் மட்டுமே உரியது என்று எண்ணிப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நம்மைப் போன்றவர்களுக்கு அப்படிவத்திலேயே மிகப் பயனுள்ள இடம் அதுதான். பயனாளியின், அதாவது யாருக்காக மனு செய்யப்படுகிறதோ அவருடைய, தாய்மொழி ரோமன் எழுத்தைப் பயன்படுத்தாததாக இருந்தால் பெயரையும் முகவரியையும் அம்மொழியின் எழுத்திலேயே தரும்படி கேட்கும் பகுதியும் ஐ-130-இல் உண்டு. அங்கே தமிழில் எழுதுங்கள்.

இதற்கு மேல், எந்த ஆவணத்தில் பெயர் எப்படி உள்ளது, ஏன் அப்படி உள்ளது என்பதை ஒரு பக்கத்தில் விளக்கும் கடிதமும், இப்பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று உங்கள் மனைவி நோட்டரி முன்பு செய்த பிரமாணப் பத்திரமும் இருந்தால் போதும். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறுவதற்காக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியதில்லை. பெயரே மாறியிருந்தால், அதாவது வள்ளி தேவசேனா ஆகியிருந்தால்தான், அரசிதழ் அறிவிப்பு தேவை. மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் அவர் தம் காதுக்குப் பட்டபடி எழுத்துக்கூட்டி மூன்றாவது ஒரு வடிவத்தை உண்டாக்கிவிடுவார். மூல ஆவணத்தில் ஆங்கில எழுத்திலேயே பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் அதைத் திருத்தாமல் அப்படியே எடுத்தாள வேண்டும், பிழையாக இருந்தாலும்.

கேள்வி: பெரியோர் பார்த்து முடித்த திருமணம். நிச்சயதார்த்தத்தன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். திருமணத்துக்குப் பின் மூன்று வாரங்கள் மட்டுமே சேர்ந்து இருந்தோம், விடுப்பு முடிந்து அவர் நியூ ஜெர்சிக்குத் திரும்பிவிட்டார். கூட்டு வீட்டு ஒப்பந்தமோ கூட்டு வங்கிக் கணக்கோ இல்லை. எங்கள் திருமணத்தைச் சந்தேகிப்பார்களா?

பதில்: பெற்றோர் ஏற்பாடு செய்த திருமணம் என்பதற்காக மட்டும் சந்தேகிக்க மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வரும் மனுக்களில் அது மிக இயல்பானது என்பது அவர்களுக்கும் தெரியும். உண்மையான இல்லறத்துக்குச் சான்றாகக் குடிவரவு விதிகள் எடுத்துக்காட்டாகக் கூறுவன கூட்டுச் சொத்து, கூட்டு வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கலந்த வரவு செலவு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், நேரில் அறிந்தவர்களின் பிரமாணப் பத்திரங்கள் ஆகியவை. இவற்றோடு பொருத்தமான வேறு எந்த ஆதாரத்தையும் தரலாம் என்றும் அவ்விதிகளே கூறுகின்றன. ஒன்றாக வாழ வாய்ப்பில்லாத தம்பதியரிடம் கூட்டு வாடகை ஒப்பந்தம் இல்லாமல் இருப்பது குற்றமாகாது. ஆனால் அதற்கு ஈடாக, உங்கள் உறவு திருமணத்துக்கு முன் எப்படித் தொடங்கியது, பின் எப்படித் தொடர்கிறது என்பது நாள்வரிசையில் தெரிய வேண்டும்.

வரன் பார்த்த காலத்தில் இரு குடும்பங்களும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல், நிச்சயதார்த்தப் படங்கள், அழைப்பிதழ், கணவரின் விமானச் சீட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளும், திருமணப் படங்கள், மூன்று வாரங்களில் சென்ற இடங்களின் விடுதி ரசீதுகள், அவர் திரும்பிய பின் அனுப்பும் பணத்தின் வங்கிப் பதிவு, காப்பீட்டிலும் ஓய்வூதியச் சேமிப்பிலும் உங்களை நியமனதாரராகக் குறித்த படிவம், அவர் மீண்டும் வருவதற்கு எடுத்த சீட்டு ஆகியவை போதிய அளவுக்கு ஒரு தொடர்ச்சியைக் காட்டிவிடும். படங்களில் இருபது போதும். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், நிற்பவர்களின் உறவுமுறை ஆகியவற்றை எழுதுங்கள். முகூர்த்த மேடையில் ஒரே கோணத்தில் எடுத்த நூறு படங்களைக் காட்டிலும், இரு வீட்டுப் பெரியவர்களும் உங்கள் இருவரோடும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு உடைகளில் இருக்கும் ஆறு படங்கள் அதிகம் பேசும். மொய் நோட்டை முழுவதும் மொழிபெயர்த்து அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அதை உங்கள் மாமியாரிடமே விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களை முழுமையாக அச்சிட்டு அனுப்புவதும் வீண். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களும் அழைப்புப் பதிவின் சில பக்கங்களும் போதுமானவை. தமிழிலோ ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலோ இருக்கும் பக்கங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உறவினர் நண்பர்களின் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருபவரின் முழுப் பெயர், முகவரி, பிறந்த நாள், பிறந்த ஊர், உங்களோடு அவருக்குள்ள உறவு ஆகியவற்றோடு, இத்திருமணத்தை அவர் எப்படி நேரில் அறிந்தார் என்ற விவரமும் இருக்க வேண்டும். 'இவர்கள் நல்ல தம்பதியர் என்று அறிவேன்' என்று ஐந்து பேர் ஒரே வாசகத்தில் எழுதிக் கையொப்பமிட்டால் அது ஒருவர் தயாரித்த ஐந்து தாள்கள் என்பது எவருக்கும் தெரிந்துவிடும். உங்கள் சித்தி, பெண் பார்க்க வந்த நாளைப் பற்றியும், உங்கள் கணவரின் அலுவலக நண்பர் அவர் விடுப்புக் கேட்ட நாளைப் பற்றியும் தத்தம் சொற்களில் எழுதட்டும்.

இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரியும் காலமும் படிவத்தில் கேட்கப்படும். 'இல்லை' என்று எழுதாதீர்கள். மூன்று வாரம் தங்கிய மாமியார் வீட்டின் முகவரியை நாட்களோடு குறிப்பிடுங்கள்.

உண்மையில் சந்தேகம் எழுவது வேறு இடங்களில். அமெரிக்க வரிச் சட்டத்தின்படி டிசம்பர் 31 அன்று மணமானவராக இருப்பவர் அவ்வாண்டு முழுவதற்கும் மணமானவரே. மனைவி இந்தியாவில் இருக்கிறாரே என்று உங்கள் கணவர் 'மணமாகாதவர்' என்று வரி விவரம் தாக்கல் செய்திருந்தால், பின்னாளில் அதே வரி ஆவணம் விசா கோப்பில் வந்து நிற்கும். கணக்காளர் துணையோடு அதை இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. திருமணத்துக்குப் பின் நீங்கள் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்து அதில் மணமாகாதவர் என்று குறித்திருந்தாலும் நிலைமை அதுவே. அதை மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

முகவர் ஒருவர் பழைய தேதியிட்ட வாடகை ஒப்பந்தம் தயாரித்துத் தருவதாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். குடிவரவுப் பயனுக்காகப் பொய்யான ஆவணம் தருவது அமெரிக்காவுக்குள் நுழைவதற்கே நிரந்தரத் தடையாக மாறலாம். திருமணமே போலி என்ற முடிவுக்கு அதிகாரி வந்துவிட்டால், அதன் பிறகு எவர் உங்களுக்காக மனு செய்தாலும் சட்டம் அதை ஏற்க விடாது. இல்லாத ஆவணத்தால் வரக்கூடியது பெரும்பாலும் கூடுதல் சான்று கேட்கும் ஒரு கடிதம்தான், அதற்குப் பதில் தர வழக்கமாக 84 நாட்கள் வரை தருவார்கள்.

கேள்வி: நான் 1981-இல் ஒரு சிற்றூரில், வீட்டில் பிறந்தேன். என் பிறப்பு பதிவு செய்யப்படவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. என் கணவர் மனு தாக்கல் செய்வதை இதற்காக நிறுத்தி வைக்க வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். கணவரின் ஐ-130 மனுவுக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் இல்லை, விசா கட்டத்தில்தான் அது வேண்டும். மனு பரிசீலனையில் இருக்கும் மாதங்களை நீங்கள் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லி, பதிவு இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றிதழை எழுத்தில் பெற வேண்டும். இது மிக முக்கியம். இச்சான்று இல்லாமல் தரப்படும் மாற்று ஆவணங்களுக்கு மதிப்புக் குறைவு. பின்னர் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் போன்ற பழைய ஆவணங்களும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்த, உங்களை விட மூத்த இருவரின் பிரமாணப் பத்திரங்களும் சேர வேண்டும். பெற்றோர் இருந்தால் அவர்களே உகந்தவர்கள். நாள், ஊர், தாய் தந்தை பெயர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற விவரம் ஆகிய நான்கும் அதில் வர வேண்டும்.

இப்போது புதிதாகப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று உங்கள் அண்ணன் சொல்வதும் சட்டப்படி முடியக்கூடியதே; ஓராண்டு கடந்த பிறப்புகளை உரிய அதிகாரியின் உத்தரவு பெற்றுப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பதிவான சான்றிதழைத் தனித்துப் பார்க்கும் அதிகாரி, அதன் பின்னணியைக் கேட்கவே செய்வார். அதை வாங்கினாலும் பள்ளி ஆவணங்களையும் பிரமாணப் பத்திரங்களையும் கூடவே வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தும் அதில் குழந்தையின் பெயர் எழுதப்படாமல் விட்டிருப்பவர்களும் நம்மிடையே ஏராளம். அவர்கள் பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு இது இரண்டாம் திருமணம். முதல் திருமணம் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி முறிக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தை மொழிபெயர்த்து அனுப்பலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி மனுவை அனுப்பாதீர்கள். இந்துத் திருமணச் சட்டம், வழக்காற்றின்படியான மணமுறிவை 29-ஆம் பிரிவில் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்காறு தொன்றுதொட்டு உண்டு என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதை எடுத்துரைப்பவருக்கே உரியது, முத்திரைத்தாள் அதை மெய்ப்பிக்காது. முதல் திருமணம் சட்டப்படி முடியவில்லையென்றால் உங்கள் திருமணமே செல்லாததாகிவிடும். இந்தியக் குடும்பநல வழக்கறிஞர் ஒருவரை அணுகி, நீதிமன்றத்தின் தீர்ப்பாணை பெறும் வழியை அறிந்துகொண்டு, அதன் பிறகு தேவையானால் மீண்டும் முறைப்படி மணம் செய்து பதிவு செய்வது வரை சிந்திக்க வேண்டியிருக்கும். காலதாமதம்தான், ஆயினும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதல் கணவர் இறந்திருந்தால் மட்டும் இறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நான் டெக்சாஸில் வசிக்கிறேன். அத்தை மகளை மணந்திருக்கிறேன். இதை மனுவில் சொல்லாமல் விடுவது நல்லது என்று நண்பர் சொல்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். மறைத்து எழுதுவதும், உறவை மாற்றிச் சொல்லும் பிரமாணப் பத்திரங்களை வைப்பதும் ஒன்றுமில்லாத இடத்தில் குற்றத்தை உண்டாக்கும். இரு குடும்பத்துப் பெற்றோர் பெயர்களும் திருமணப் படங்களில் நிற்கும் ஒரே பாட்டியும் எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

திருமணம் நடந்த இடத்தில் அது செல்லுபடியாகிறதா என்பதே குடிவரவுத் துறை முதலில் பார்ப்பது. இந்துத் திருமணச் சட்டம் அத்தை, மாமன் மக்களைத் தடைசெய்யப்பட்ட உறவுக்குள்தான் வைக்கிறது என்றாலும், வழக்காறு அனுமதித்தால் அத்தடை இல்லை என்று 5-ஆம் பிரிவிலேயே விலக்கும் தருகிறது. தமிழ்நாட்டில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை வழக்காறு எவ்வளவு பழையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் அதிகாரிக்கு விளக்க வேண்டியிருக்கும். அடுத்ததாக, தம்பதியர் வாழப்போகும் மாநிலத்தின் வலுவான பொதுக் கொள்கைக்கு அது முரணாகிறதா என்ற கேள்வி எழும். கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்களில் இத்தகைய திருமணத்தை அங்கேயே செய்துகொள்ளலாம். டெக்சாஸ் 2005 முதல் அதை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் முறைப்படி நடந்த திருமணத்தை அம்மாநிலம் எப்படிப் பார்க்கும் என்பது அதனினும் நுட்பமான கேள்வி, அதற்குப் பத்திரிகைப் பத்தியில் விடை தருவது முறையாகாது. நீங்கள் மனுவுக்கு முன்பே டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் பணம் கொடுத்து எழுத்தில் கருத்துப் பெறுங்கள். தாய்மாமனை மணந்தவர்களின் நிலை இதைவிடக் கடினம், பெரும்பாலான மாநிலங்கள் அவ்வுறவில் திருமணத்தைத் தடைசெய்துள்ளன.

கேள்வி: என் கணவர் கிரீன் கார்டு உள்ளவர். எனக்கும் எங்கள் நான்கு வயது மகளுக்கும் ஒரே மனு தாக்கல் செய்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் குடிமகனாகிவிடுவார். அப்போது ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில்: ஆம், இதைத் தவறவிட்டவர்கள் பலர். கிரீன் கார்டு உள்ளவரின் மனைவிக்கான மனு விசா எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள எஃப்2ஏ என்ற பிரிவில் வருவதால், மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதே சமயம் குழந்தையும் தாயின் மனுவிலேயே சேர்ந்து வரலாம். கணவர் குடிமகனானதும் நீங்கள் 'உடனடி உறவினர்' என்ற பிரிவுக்கு மாறிவிடுவீர்கள், அதில் காத்திருப்பு வரிசை இல்லை, ஆனால் அப்பிரிவில் குழந்தை தாயோடு ஒட்டிக்கொண்டு வர முடியாது. மகளுக்குத் தனியாக ஓர் ஐ-130 வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் தனி ஆவணங்களும் உண்டு. குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள மகளின் பிறப்புச் சான்றிதழோடும் உங்கள் திருமணச் சான்றிதழோடும் மகளுக்கான அம்மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, உங்கள் மனு இருக்கும் அலுவலகத்துக்கும் குடியுரிமைச் சான்றிதழின் நகலை அனுப்பிப் பிரிவை மாற்றச் சொல்லுங்கள். இப்போதே மகளுக்குத் தனி மனு போட்டு வைத்தாலும் தவறில்லை. பதினெட்டு வயதுக்குள் குடிவரவு விசாவில் நுழைந்து, குடிமகனான தந்தையின் பொறுப்பில் அவரோடு வாழும் குழந்தை தானாகவே அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடும் என்பதால், இந்தக் கூடுதல் செலவு வீணாகாது.

கேள்வி: என் திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டுமே உள்ளது. அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டுமா? அயல்நாட்டில் காட்டும் ஆவணம் மெய்யானது என்று அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையை எல்லாத் தாள்களுக்கும் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இரு மொழியும் அறிந்த எவரும் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தகுதி தனக்கு உண்டு என்று அவர் எழுதி, பெயர், முகவரி, நாள் ஆகியவற்றோடு கையொப்பமிட வேண்டும். முழுமை என்பது முத்திரையில் உள்ள எழுத்துகளையும், ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பையும், 'கையொப்பம் தெளிவில்லை' என்பதையும் சேர்த்ததே. மனுதாரரோ பயனாளியோ தாமே மொழிபெயர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சரியாகச் செய்திருந்தாலும் வீண் கேள்விக்கு இடம் தருவானேன்? அப்போஸ்டில் முத்திரையை இத்துறை கேட்பதில்லை. மூலச் சான்றிதழ்களையும் அஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள், தெளிவான நகல்களே போதும். மூலங்களைப் பத்திரமாக வைத்திருந்து விசா நேர்காணலுக்கு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.